மேசைமேல் ஒரு பாலைவனம்

சதுரங்கப் பலகையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. யானையும் குதிரையும் ஒரே சமதளத்தில் நகர்கின்றன. உண்மையான போர்க்களம் அத்தகையதன்று. அங்கு வெற்றி தோல்வியை நிர்ணயிப்பதில் படைக்கலங்களுக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு மண்ணுக்கும் உண்டு. இதை உணர்ந்தே, 1812ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்காக ஒரு போர் விளையாட்டு மேசையை உருவாக்கினார். ஆறு, குன்று, காடு எனத் தனித்தனியே செய்யப்பட்ட சதுர ஓடுகளை விரும்பியவாறு மாற்றி அடுக்கலாம் என்பதே அம்மேசையின் சிறப்பு. நம் நாட்டு இராணுவத்திலும் மணல் மாதிரி அமைத்து அதைச் சுற்றி நின்று தாக்குதல் திட்டங்களை விளக்கும் வழக்கம் இன்றளவும் உண்டு.

அந்த மரபின் இல்லத்து வடிவமே, சிறிய டாங்கி உருவங்களைக் கொண்டு மேசையில் ஆடப்படும் போர் விளையாட்டு. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஈடுபடத்தக்க இப்பொழுதுபோக்கில், களத்தை அமைப்பதே பாதி இன்பம். நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் களம், இராஜஸ்தானின் ஜெய்சால்மர் மாவட்டத்திலுள்ள லோங்கேவாலா.

மணல் தீர்மானித்த போர்

1971 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, பஞ்சாப் படைப்பிரிவின் 23ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ஏறத்தாழ 120 வீரர்கள் லோங்கேவாலா எல்லைக்காவல் நிலையில் இருந்தனர். அவர்களை நோக்கி நாற்பதுக்கும் மேற்பட்ட பாகிஸ்தான் டாங்கிகள் வந்தன. நம் வீரர்களிடம் டாங்கி ஒன்றுகூட இல்லை. ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கியே டாங்கிகளை எதிர்க்கும் முதன்மைக் கருவி. ஜெய்சால்மரில் இருந்த ஹன்டர் விமானங்களுக்கு இரவில் தாக்கும் வசதி இல்லை. விடியும்வரை நிலையைக் காப்பதா, பின்வாங்குவதா என்பதே மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் முன்னிருந்த வினா. அவர் நின்று காப்பதெனத் துணிந்தார். பின்னர் மகாவீர் சக்கர விருதும் பெற்றார்.

முன்னேறிய டாங்கிகள் முள்வேலியைக் கண்டு, கண்ணிவெடி புதைக்கப்பட்டிருக்குமோ என ஐயுற்றுத் தயங்கின. பல வண்டிகள் இளமணலில் சிக்கின. விடிந்ததும் விமானங்கள் வந்தன. திறந்த வெளியில் ஒளிய இடமின்றி டாங்கிகள் சுற்றிச் சுழன்ற தடங்கள் வான்வழிப் புகைப்படங்களில் வட்டம் வட்டமாகப் பதிந்துள்ளன.

ஆகவே, நாம் அமைக்கும் மேசையில் இளமணல், முள்வேலி, இரவு ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். இவை இல்லையெனில் எண்ணிக்கையில் மிகுந்தவரே எளிதில் வெல்வர். அன்று நிகழ்ந்ததன் காரணம் ஆடுவோருக்குப் புலப்படாமலே போகும்.

அளவுகளைத் தீர்மானித்தல்

உருவங்கள் பல அளவுகளில் கிடைக்கின்றன. நூற்றில் ஒரு பங்கு அளவை நாம் பரிந்துரைக்கிறோம். இதில் ஆறு மீட்டர் நீள டாங்கியுடல் 6 செ.மீ. ஆகிறது, கையாளவும் வண்ணந்தீட்டவும் ஏற்றது. ஆனால் அதே அளவைத் தூரத்திற்கும் கொண்டால், ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குச் சுடும் டாங்கிக்குப் பத்து மீட்டர் மேசை தேவைப்படும். எனவே தூரத்திற்கு மட்டும் தனிக்கணக்கு வைத்து, 1 செ.மீ. என்பது 10 மீட்டர் எனக் கொள்ளலாம். அப்போது 180 செ.மீ. நீளமும் 120 செ.மீ. அகலமும் கொண்ட மேசை, 1.8 கி.மீ.க்கு 1.2 கி.மீ. நிலப்பரப்பைக் குறிக்கும்.

இம்மேசையை 60 செ.மீ. சதுரப் பலகைகள் ஆறாகப் பிரித்துச் செய்வது நலம். அடுக்குமாடி வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைக்கலாம். அடுத்த ஆட்டத்தில் இடம் மாற்றிப் புதிய களமும் காணலாம். 6 மி.மீ. ஒட்டுப்பலகையின் அடியில் மெல்லிய மரச்சட்டம் அடித்துக்கொண்டால் பலகை வளையாது.

மேடுகளுக்கும் முறை உண்டு

மணல்மேடு குவியல் அன்று. காற்று வரும் பக்கம் மெல்லச் சரிந்து உயர்ந்து, மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். உலர்மணல் ஏறத்தாழ 34 பாகைக்கு மேற்பட்ட சரிவில் நில்லாது வழிந்துவிடும். தார்ப் பாலையில் கோடைக்காலத்தில் தென்மேற்கிலிருந்து பெருங்காற்று வீசுகிறது. ஆகவே பலகையின் ஓரத்தில் காற்றின் திசையை அம்புக்குறியால் வரைந்துகொண்டு, எல்லா மேடுகளையும் அதற்கிசையவே அமைக்க வேண்டும். 5 செ.மீ. உயர மேட்டுக்குக் காற்றுப்பக்கம் 25 செ.மீ., மறுபக்கம் 8 செ.மீ. எனக் கொண்டால் பொருந்தும். டாங்கியின் உயரம் ஏறக்குறைய 2.5 செ.மீ. ஆதலால், அதை மறைக்கும் மேடு 3 செ.மீ.க்குக் குறையாதிருத்தல் அவசியம்.

மேடுகளைத் தெர்மாகோலில் வெட்டலாம். ஆனால் அது மணிமணியாக உதிரும். கட்டடங்களில் வெப்பத்தடுப்புக்காகப் பயன்படும் அடர்நுரைத் தகடு மேலானது. கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்துச் சரிவுகளை மென்மையாக்கலாம். சூடான கம்பியால் வெட்டுவோர் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். அப்புகை உடலுக்குத் தீங்கானது. தின்னர் கலந்த பசையும் தெளிப்பு வண்ணமும் நுரையைக் கரைத்துவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும்.

மணலும் வண்ணமும்

அரை மில்லிமீட்டர் மணற்பருக்கை, நம் அளவில் 5 செ.மீ. கல்லுக்கு ஒப்பாகும். ஆதலால் மணலை நன்கு கழுவி உலர்த்தி, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, கீழே விழும் நுண்மணலை மட்டும் எடுக்க வேண்டும். பசையுடன் சம அளவு நீர் கலந்து பூசி, அதன்மேல் மணலைத் தூவி, ஒரு நாள் முழுதும் உலரவிட வேண்டும். பசைநீர் உலரும்போது பலகையை மேல்நோக்கி இழுக்கும். அடிப்பக்கத்திலும் ஒரு பூச்சு அடித்தால் இழுவை சமன்படும்.

மணல்தான் ஏற்கெனவே உள்ளதே, வண்ணம் எதற்கு என்று கேட்கலாம். விளக்கொளியில் வெறும் மணல் ஒரே சாயலாய்த் தட்டையாகத் தெரியும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் வண்ணத்தில் அடர்பழுப்பை முதலிலும், அது உலர்ந்தபின் வெளிர்பழுப்பையும் பூச வேண்டும். இறுதியாக, தூரிகையில் தந்தநிற வண்ணத்தைத் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளின் முகட்டில் மட்டும் இலேசாக உரச வேண்டும். பள்ளங்களில் அடர்நிறம் நிழலாக நின்று, மேடுகள் எழுந்து தோன்றும்.

இளமணல் உள்ள இடங்களைச் சற்றே வெளிறிய நிறத்தில் காட்டலாம். அங்கு நுழையும் டாங்கிக்குப் பகடை உருட்டி, ஒன்றோ இரண்டோ விழுந்தால் அச்சுற்றில் அது அசையலாகாது என விதி வகுக்கலாம். இரவுச் சுற்றுகளில் 20 செ.மீ.க்கு அப்பால் பார்வை இல்லை எனக் கொள்ளலாம். விமானம் விடியற்சுற்றில்தான் வரும். காவலர் தரப்பில் ஆடும் பிள்ளைக்கு, அந்தச் சில சுற்றுகளைக் கடப்பது எத்தகையது என்பது அப்போது விளங்கும்.

மரமும் வேலியும்

திரைப்படங்களில் காணும் நெடிய தூண்கள்ளி அமெரிக்கப் பாலைக்குரியது. அதற்கு இங்கு இடமில்லை. தார்ப் பாலையின் மரம் நாமறிந்த வன்னி. இராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. எருக்கும் அங்கு விளைகிறது. முறுக்கிய செம்புக்கம்பியால் அடிமரமும், நறுக்கிய தேங்காய்நாரால் கிளையும் செய்து, ஒரு பலகைக்கு ஒன்றிரண்டு நட்டால் போதும். மெல்லிய கம்பியை ஊசிமேல் சுருளாகச் சுற்றி உருவி, பல்குச்சித் துண்டுகளுக்கிடையே நீட்டினால் முள்வேலி ஆயிற்று.

செலவுக் கணக்கு

இப்பொழுதுபோக்கில் பணம் கரைவது பெரும்பாலும் டாங்கி உருவங்களில்தான். முதலில் களத்தை முடித்து, பின்னர் பக்கத்துக்கு நான்கு டாங்கிகளுடன் தொடங்குவதே சிக்கனம். தேவைப்படும் பொருள்களைப் பட்டியலிட்டு, வீட்டிலிருப்பவை, வாங்க வேண்டியவை எனப் பிரித்து எழுதும் பணியைப் பிள்ளைகளிடமே விடலாம். மாதந்தோறும் சிறுதொகையைத் தொடர் வைப்பில் சேர்த்து, முதிர்வின்போது அடுத்த தொகுதி உருவங்களை வாங்கும் பழக்கமும் அவர்களுக்குப் பயன்தரும்.

விளையாட்டு என்றாலும், நாம் நகர்த்தும் உருவங்களுக்குப் பின்னால் இரு நாட்டிலும் வீடு திரும்பாத மனிதர்கள் உண்டு என்பதை ஆட்டத்திற்கு முன் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நம் கடமை. ஜெய்சால்மர் செல்லும் வாய்ப்புள்ளோர் லோங்கேவாலா போர் நினைவிடத்தையும் கண்டு வரலாம். அன்று கைவிடப்பட்ட டாங்கிகள் அங்கே நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்த மணலின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வந்தால், மேசைக்கு அடுத்த பூச்சு அடிக்கும்போது அது உதவும்.