தத்துப் பிள்ளையும் பிறப்புப் பதிவும்

என் கடையில் கணக்கு எழுதும் தம்பி ஒருநாள், "ஐயா, நான் தத்துப் பிள்ளை. என்னைப் பெத்தவங்க பேரை எங்கே கேட்கலாம்?" என்றான். கையில் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதில் வளர்த்தவர் பெயரே பெற்றோர் பெயராக இருந்தது. அவனுக்காகத் தேடிப் படித்ததை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

நம் நாட்டில் தத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் சமணர், பௌத்தர், சீக்கியருக்கும் பொருந்தும். இதில் கொடுப்பவரும் எடுப்பவரும் நேருக்கு நேர். பத்திரம் பதிவாகியிருந்தால் இருவர் கையெழுத்தும் அதிலேயே இருக்கும். பத்திரம் கிடைத்தால் தேடல் முடிந்தது.

மற்றது, 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி நிறுவனம் மூலம் எடுப்பது. இங்கே தத்து ஆணைக்குப் பின் புதுச் சான்றிதழ் தருவார்கள். பழைய விவரம் தத்து நிறுவனத்தின் கோப்பில் தங்கிவிடும். 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் 'வேர் தேடல்' என்று ஒரு வழி வைத்திருக்கின்றன. 18 வயது நிரம்பியவர் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழென்றால் வளர்த்த பெற்றோருடன் சேர்ந்து. மூன்றாம் மனிதர் தேட முடியாது.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை. குழந்தையை ஒப்படைத்தபோது தாய் தன் பெயரை மறைக்கச் சொல்லியிருந்தால், அவள் சம்மதம் வேண்டும். மறுத்தாலோ, அவளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தாள் என்பதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லவேண்டும். தொட்டிலில் விட்ட குழந்தைக்கு இதுவும் கிடைப்பது அரிது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் தாய் பெயர் சொல்லாமலே விட்டுப் போகலாமே!

இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதானவருக்கு மூலப் பிறப்புச் சான்றிதழைப் பெறும் உரிமையைத் தந்தது. ஸ்காட்லாந்தில் அது 1930 முதலே உண்டு. நம் சட்டம் தேட விடுகிறது. பெயர் கிடைக்குமென்று உறுதி தரவில்லை.

யார் பக்கம் நியாயம்? வியாபாரியாகச் சொல்கிறேன்: பழைய நிலுவையை எழுதாமல் புதுப் பேரேடு தொடங்குவதில்லை. அந்தப் பிள்ளைக்கு மட்டும் முதல் பக்கமே இல்லாமல் போகலாமா? அதேசமயம், வாக்கு வாங்கிக்கொண்டு போன ஒரு தாயின் வாசலில் சொல்லாமல் போய் நிற்பதும் தர்மமல்ல. அவளிடம் முதலில் கேட்பதே சரி.

வளர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: தத்து ஆணையைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே உண்மையைச் சொல்லுங்கள். அந்தத் தம்பியின் அம்மா நிறுவனத்துக் காகிதங்களை இருபது வருஷம் புடவைப் பெட்டியில் வைத்திருந்தார். விண்ணப்பத்தை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான்.