புண்ணை ஆற்றும் சிவப்பு ஒளி

சாப்பிடும் அவசரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டால் எத்தனை நாள் வலிக்கும்? மூன்று நாள், நான்கு நாள். உடம்பிலேயே சீக்கிரம் ஆறும் இடங்களில் வாயும் ஒன்று. ஆனால் சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாத அப்பத்தாவுக்குப் பல்செட் உரசி ஈறில் சின்னப் புண் வந்தால், அது ஆற நெடுநாள் ஆகலாம். ரசம் பட்டாலே எரியும்.

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடியே இருந்தால் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தடித்துவிடும். ஈறுக்கு வரும் ஆக்சிஜன் குறையும். கிருமிகளை விழுங்க ஓடிவர வேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாகும். ஈறைத் தாங்கும் கொலாஜன் நார்களில் சர்க்கரை ஒட்டி அவற்றை விறைப்பாக்கும். எச்சில் வற்றி வாய் உலர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்கிறது. அத்தனை பேருடைய வாயையும் பற்றிய விஷயம் இது.

இங்கேதான் ஒளி வருகிறது. முதல் லேசரை அமெரிக்காவில் தியோடர் மைமான் 1960-இல் இயக்கிக் காட்டினார். சில ஆண்டுகள் கழித்து, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகளின் முதுகில் முடியை மழித்து, வலுக் குறைந்த சிவப்பு லேசரைக் காட்டினார். உடம்புக்குக் கெடுதல் வருகிறதா என்று கவனித்தவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஒளி பட்ட எலிகளுக்கு முடி வேகமாக முளைத்தது! பிறகு அவர் நெடுநாள் ஆறாத புண்களிலும் அதே ஒளியைச் சோதிக்கத் தொடங்கினார். தேடாதது கண்ணில் பட்டபோதும் அதை அவர் தள்ளிவிடவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

ஒளி எப்படி வேலை செய்கிறது? நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் ஏடிபி என்னும் ஆற்றல் பொருளைத் தயாரிக்கின்றன. அங்கே சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. 600 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை அது உறிஞ்சுவதால் ஏடிபி கூடுகிறது என்பதே விஞ்ஞானிகள் பெரிதும் சொல்லும் விளக்கம். லோ வோல்டேஜில் திணறிய போர் மோட்டாருக்குச் சரியான மின்சாரம் கிடைத்த மாதிரி, களைத்த செல் புதுத் திசுவைக் கட்டத் தொடங்குகிறது. இந்த ஒளி சுடாது, வெட்டாது. இந்தியாவில் பிறந்த குமார் படேல் 1964-இல் உருவாக்கிய கார்பன் டைஆக்சைடு லேசர் வேறு ரகம். அது திசுவை வெட்டவே பயன்படுகிறது.

ஈறுப் புண்ணை ஆற்ற இந்தச் சிவப்பு லேசர் இருக்கிறதே என்று பல் துலக்குவதை விட்டுவிட முடியாது. பல்லில் படிந்த காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும், மருந்தாலும் உணவாலும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும்தான் முதல் வைத்தியம். லேசர் அதற்குத் துணை. சில ஆய்வுகளில் நல்ல பலன், சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. அளவும் முக்கியம், ஏனென்றால் ஒளி மிகுந்துபோனால் பலன் குறைந்துவிடும். ஒளி காட்டும்போது மருத்துவரும் நோயாளியும் பாதுகாப்புக் கண்ணாடி போடுவார்கள். கடையில் விற்கும் லேசர் பொம்மையை யார் வாயிலும் கண்ணிலும் அடித்துப் பார்க்காதீர்கள்!

இன்னொன்று. இரண்டு, மூன்று வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண் புற்றுநோயாகவும் இருக்கலாம், அதுவும் புகையிலை போடுகிறவர்களுக்கு. அதை மருத்துவர் பார்த்துச் சொல்லும் முன் எந்த ஒளியும் காட்டக் கூடாது. புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்து அப்பத்தாக்களுக்கு இனி பல் டாக்டர் ரொம்பத் தூரமில்லை.

ஈறு ஆறினால் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கும் என்பது தெரியுமா? ஈறு வீங்கிக் கிடந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைந்ததைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.