உடன்பயில்வோர் வழி வரும் மொழி: சைகைமொழிக் கற்றலும் காதுகேளாதோர் சமூகத்தில் இணைதலும்

ஆய்வுச்சுருக்கம்

சைகைமொழி பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது அரிது. பெரும்பாலும் அது உடன்பயில்வோரிடமிருந்தே வருகிறது. ஆகவே இம்மொழியைக் கற்பதும் காதுகேளாதோர் சமூகத்தில் ஓரிடம் பெறுவதும் ஒரே செயலாக அமைகின்றன. இந்தியச் சைகைமொழியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இந்தியச் சைகைமொழி, காதுகேளாதோர் சமூகம், பிந்திய மொழிக்கற்றல், சைகைப்பெயர்.

முன்னுரை

குழந்தை தன் முதல் மொழியை வீட்டில் பெறுகிறது என்னும் எண்ணத்தின் மீதே ‘தாய்மொழி’ என்னும் சொல் நிற்கிறது. காதுகேளாத குழந்தைகள் பலருக்கு இச்சொல் பொருந்துவதில்லை. அமெரிக்க ஆய்வுகளின்படி, அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் கேட்கும் திறனுடைய பெற்றோருக்கே பிறக்கின்றனர். வீட்டார் பேசும் மொழி குழந்தையை எட்டுவதில்லை. குழந்தையை எட்டக்கூடிய மொழியை வீட்டார் அறிவதில்லை. பள்ளியிலோ விடுதியிலோ சங்கத்திலோ தம்மையொத்த பிறரைச் சந்திக்கும்போதுதான் அம்மொழி கிட்டுகிறது. ஆறு வயதில் ஒருவர், பதினாறில் ஒருவர், முப்பதில் ஒருவர் எனப் புதியவர்கள் வந்து சேர்ந்தவண்ணம் இருப்பது இச்சமூகத்தின் இயல்பு.

சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் தேவை. ‘செவித்திறன் குறையுடையோர்’ என்னும் வழக்கு குறையை முன்னிறுத்துகிறது. இங்குப் பேசப்படுவது ஒரு மொழிச்சமூகம் ஆதலின் ‘காதுகேளாதோர்’ என்பதே ஆளப்படுகிறது. ஏனையோர் ‘கேட்போர்’ எனப்படுவர். புறநானூற்றின் 28ஆம் பாடல் ஊமையையும் செவிட்டையும் இரு வேறு நிலைகளாகவே எண்ணுகிறது. பிற்கால வழக்கு இரண்டையும் ஒட்டவைத்து, கேளாதவருக்கு மொழியே இல்லை என்னும் எண்ணத்தை வேரூன்றச் செய்துவிட்டது.

கையும் முகமும்

சைகைகள் வெறும் பாவனைகள் அல்ல, கைவடிவம், இடம், அசைவு ஆகிய கூறுகளால் கட்டமைந்தவை என்று வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் அமெரிக்கச் சைகைமொழியைக் கொண்டு நிறுவினார். இந்தியாவில் வழங்கும் சைகைமொழியின் இலக்கணத்தை உல்ரிகே செஷான் விரிவாக விளக்கியுள்ளார். நகருக்கு நகர் சைகைச் சொற்கள் வேறுபடினும் இலக்கணம் பெரிதும் பொதுவானது.

அவ்விலக்கணத்தில் தமிழாய்வாளரை ஈர்க்கத்தக்க கூறு வினாவமைப்பு. பொது வினாச் சைகை ஒன்று உண்டு. முகத்தைக் குறிக்கும் சைகையோடு அது சேர்ந்தால் ‘யார்’; இடத்தோடு சேர்ந்தால் ‘எங்கே’; நேரத்தோடு ‘எப்போது’; எண்ணோடு ‘எத்தனை’. தமிழில் எகர வினா சொல்லின் முதலில் நின்று செய்யும் வேலையை இங்கு ஒரு சைகை இறுதியில் நின்று செய்கிறது. வினாச்சொல்லும் எதிர்மறையும் தொடரின் இறுதியில் வருவதால் தமிழருக்கு இம்மொழி எளிதாகத் தோன்றும். அத்தோற்றமே இடர். கற்பவர் தமிழ்த் தொடரை மனத்தில் அமைத்துச் சொல்லுக்குச் சொல் கையால் பெயர்க்கத் தொடங்கிவிடுகிறார். ‘நான் உனக்குக் கொடுத்தேன்’ என்பதில் நான்காம் வேற்றுமை உருபுக்குத் தனிச் சைகை இல்லை. கொடுத்தலைக் குறிக்கும் கை என்னிடமிருந்து உன்னை நோக்கிச் செல்வதே போதும். திசை மாறினால் கொடுப்பவர் மாறிவிடுவார். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என விடை வேண்டும் வினாவை உணர்த்துவது முகம். முகத்தை அசைக்கக் கூசுபவர் வினாவையே இழக்கிறார்.

இந்தியச் சைகைமொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. இப்பணி பெரிது. எனினும் அகராதியின் காணொளி கற்பவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் கை பிழைபட்டால் புருவம் சுருக்குவதுமில்லை.

ஓரிடம் பெறுதல்

காதுகேளாதோர் கூட்டத்திற்குப் புதிதாகச் செல்பவர் முதலில் பயில வேண்டியது கண்ணை. கேட்போர் நடுவே உரையாடலின்போது பார்வையை விலக்குதல் அடக்கமாகக் கொள்ளப்படலாம். இங்கு அது காதைப் பொத்திக்கொள்வதற்கு நிகர். ஒருவரை அழைக்கத் தோளைத் தொடுவர், கையசைப்பர், தரையைத் தட்டுவர், விளக்கை அணைத்து ஏற்றுவர். அறிமுகத்தின்போது எந்தப் பள்ளியில் படித்தீர் என்னும் வினா விரைவில் வந்துவிடும். ஊரையும் உறவையும் கேட்டு ஒருவரை இடங்காணும் நம் வழக்கத்தைப் போன்றதே இது. இங்கு உறவு பள்ளியின் வழியாகச் செல்கிறது.

சைகைப்பெயரை எவரும் தமக்குத் தாமே சூட்டிக்கொள்வதில்லை. சில காலம் பழகிய பின் சமூகமே அதனை வழங்கும். கன்னத்து மச்சமோ நெற்றித் தழும்போ ஓயாமல் கண்ணாடியைச் சரிசெய்யும் பழக்கமோ பெயராகலாம். கேட்போருக்கு இது சுருக்கென்று தைக்கலாம். ஆனால் கண்ணால் வாழும் மொழியில் கண்ணுக்குப் படுவது பெயராவதில் இழிவில்லை.

பிந்தி வருவோர்

கேட்போர் விரும்பிக் கற்கின்றனர். அவர்களுக்கு வேறொரு மொழி முன்னரே உண்டு. பிந்தி வரும் காதுகேளாதவர் நிலை அத்தகையதன்று. 1880இல் மிலான் மாநாடு வாய்மொழிக் கல்வியே உயர்ந்தது எனத் தீர்மானித்தது. அதன்பின் பல நாடுகளில் சைகை வகுப்பறையிலிருந்து விலக்கப்பட்டு விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் வாழ்ந்தது. உதட்டசைவைப் படிக்க மட்டுமே பழக்கப்பட்டவர் இளமையில் முதன்முறையாகச் சைகையாளர் நடுவே வரும்போது, கேட்போரிடத்தும் முழுமையாகச் சேராதவராய், இங்கும் தடுமாறுபவராய் நிற்கிறார். எலிசா நியூபோர்ட் 1990இல் வெளியிட்ட ஆய்வு, 12 வயதுக்குப் பின் அமெரிக்கச் சைகைமொழியைக் கற்றவர்கள் 30 ஆண்டுகள் அதனைப் பயன்படுத்திய பின்னரும் சொல்லமைப்பில் பிறவிச் சைகையாளரை எட்டவில்லை எனக் காட்டியது. தாமதத்தின் விலை இலக்கணத்திலேயே பதிந்துவிடுகிறது.

இத்தடுமாற்றம் தவிர்க்கவியலாதது அன்று. அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் பரம்பரைக் காதுகேளாமை மிகுந்திருந்தது. கேட்போரும் சைகைமொழி அறிந்திருந்தனர். அங்குக் காதுகேளாதோர் தனிச் சமூகமாகத் திரளவில்லை என்பதை நோரா எலன் குரோசின் 1985ஆம் ஆண்டு நூல் விளக்குகிறது. ஊரே மொழியறிந்திருந்தமையால் புகலிடம் தேட வேண்டிய தேவை எழவில்லை.

நம் பள்ளிகள் அத்தீவுகள் அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகைமொழியில் தகுதி பெற்ற ஆசிரியர்களைப் பணியமர்த்தச் சொல்கிறது. அவ்வாறு ஓர் ஆசிரியர் வந்தாலும், பொதுப்பள்ளி ஒன்றில் தனியொரு காதுகேளாத மாணவி மட்டும் இருப்பின் அவள் இடைவேளையில் எவரோடு சண்டையிடுவாள், எவரைக் கேலி செய்வாள்? உள்ளடங்கிய கல்வி குறித்த விவாதங்களில் சாய்தளமும் செவிக்கருவியும் பேசப்படும் அளவுக்கு இவ்வினா பேசப்படுவதில்லை. காதுகேளாத மாணவரை ஒரு வட்டாரத்தில் ஒரே பள்ளியில் குழுவாகச் சேர்ப்பதும், அங்குக் காதுகேளாத ஆசிரியர் ஒருவரையேனும் அமர்த்துவதும், அதே பள்ளியில் பெற்றோருக்கு மாலை வகுப்பு நடத்துவதும் இன்றைய சட்டத்திற்குள்ளேயே இயலக்கூடியவை.