செவ்வாயின் நடுக்கங்கள்

செவ்வாயில் நிலநடுக்கத்தை அளக்கும் முயற்சி 1976-இல் தொடங்கியது. அப்போது இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களில் ஒன்றன் கருவி பூட்டு விடுபடாமல் போனது. மற்றொன்றின் கருவி கலத்தின் மேல்தளத்தில் இருந்ததால் பெரும்பாலும் காற்றின் ஆட்டத்தையே பதிந்தது.

அந்தப் பாடத்தை இன்சைட் நன்றாகவே கற்றிருந்தது. 2018 நவம்பரில் எலிசியம் சமவெளியில் இறங்கிய அந்தக் கலம், பிரான்சில் உருவான நில அதிர்வுமானியை இயந்திரக் கையால் தூக்கித் தரையில் வைத்தது. பிறகு, காற்றும் கடுங்குளிரும் தாக்காதபடி அதன்மேல் ஒரு மூடியைக் கவிழ்த்தது.

2019 ஏப்ரல் 6 அன்று முதல் நடுக்கம் பதிவானது. பூமியைப்போல் நகரும் கண்டத்தட்டுகள் செவ்வாயில் இல்லை. ஆனாலும் நான்கு ஆண்டுகளில் 1,300-க்கும் மேற்பட்ட அதிர்வுகள் கிடைத்தன. கோள் குளிர்ந்து சுருங்குவதால் ஏற்படும் இறுக்கம் ஒரு காரணம். செர்பரஸ் பிளவுகள் என்ற பகுதியிலிருந்து பல நடுக்கங்கள் வந்தன. எரிமலைக் குழம்பு அங்கே அடியில் இன்னும் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

விண்கற்கள் மோதியும் தரை அதிர்ந்தது. 2021 டிசம்பர் 24-இல் விழுந்த ஒரு கல் சுமார் 150 மீட்டர் அகலப் பள்ளம் தோண்டி, மண்ணடிப் பனிக்கட்டியை வெளியே வீசியது.

இந்த ஆய்வின் பெரும்பேறு கோளின் உட்புறம் தெரியவந்ததுதான். அலைகள் எதிரொலித்துத் திரும்பிய நேரத்தைக் கொண்டு, செவ்வாயின் மையக்கரு திரவ நிலையில் இருப்பதை 2021-இல் உறுதிசெய்தனர். அதைச் சுற்றி உருகிய பாறை அடுக்கு இருப்பதாக 2023-இல் வந்த ஆய்வுகள் கூறின.

சூரியத் தகடுகளில் தூசி படிந்து மின்சாரம் குறைந்ததால், 2022 டிசம்பரில் இன்சைட்டின் பணி முடிந்தது.