வேப்பந்தட்டைக் கூலியும் டில்லிச் சட்டமும்

2025-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் டில்லிப் பார்லிமெண்டு கிராம வேலை உறுதிச் சட்டத்தை எடுத்துவிட்டு, அதன் ஸ்தானத்தில் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. 2005-ல் பிறந்து, 2009-ல் மகாத்மாவின் திருநாமம் சூட்டப்பெற்ற பழைய சட்டத்தின் பெயர் போயிற்றே என்று ஒரு சாரார் வருந்துகின்றனர். வருஷத்துக்கு 100 நாளாக இருந்த வேலை 125 நாளாக உயர்ந்ததே என்று மற்றொரு சாரார் மகிழ்கின்றனர். இரு சாராரும் போதிய அளவு பேசிவிட்டார்கள். நாம் நேயர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது, இக்கூச்சலில் அமுங்கிப்போன ஒரு விதியை. விதைப்பும் அறுவடையும் மும்முரமாய் நடைபெறும் காலத்தில், வருஷத்தில் மொத்தம் 60 நாள், இத்திட்டத்தின் கீழ் எவ்வித வேலையும் நடத்தலாகாது என்பதே அவ்விதி. எந்த 60 நாள் என்பதை மாகாண சர்க்கார் முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமாம்.

மேலுக்குப் பார்த்தால் இது நியாயமாகவே தோன்றும். காட்டில் வேலையிருக்கும்போது சர்க்கார் வேலை எதற்கு? ஆனால் இவ்விதி ஒரு குறிப்பிட்ட ஊரில் என்ன செய்யும் என்று பார்த்தால்தான் இதன் உட்பொருள் விளங்கும். வேப்பந்தட்டையை எடுத்துக்கொள்வோம்.

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், பச்சைமலைக்குக் கிழக்கே அமைந்த தாலுகா அது. முன்பு திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1995-ல் பெரம்பலூர் தனி ஜில்லாவானபோது அதனுடன் வந்தது. காவேரிக் கால்வாய்களின் பாக்கியம் அதற்கில்லை. பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் அங்குள்ள குடியானவர்களின் ஜீவாதாரம். விவசாய சர்வகலாசாலையின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவ்வூரிலேயே இருக்கிறது. புரட்டாசி மழையை நம்பி ஊன்றிய பருத்தி தை, மாசி மாதங்களில் வெடிக்கும். வெடித்த பஞ்சு செடியில் நெடுநாள் நிற்காது. காற்றும் பனியும் அதைக் கெடுத்துவிடும். அப்பொழுது வேண்டியிருப்பது ஆட்கள், அதிலும் பெண்டிரே. நாட்கூலிக்கோ எடைக்கூலிக்கோ குனிந்து குனிந்து பஞ்செடுப்பவர்கள் அவர்கள்தாம்.

ஆகவே வருஷத்தில் அப்பெண்களின் உழைப்புக்கு மிகுந்த கிராக்கி உண்டாவது இந்தச் சில வாரங்களில்தான். சித்திரை, வைகாசியில் அவர்களைக் கேட்பார் இல்லை. அப்பொழுது கூலி பேச அவர்களால் முடியாது. பேசக்கூடிய காலம் ஒன்றே ஒன்று. அக்காலத்திலேயே, "இந்தக் கூலிக்கு வரமாட்டேன், ஏரி வேலைக்குப் போகிறேன்" என்று சொல்லும் வழியைச் சட்டம் அடைத்துவிடுமாயின், நூறு நாளை நூற்றிருபத்தைந்தாக்கியதால் அவர்களுக்கு லாபமா, நஷ்டமா? நமது கேள்வி இதுதான்.

பொதுப்பணத்தில் நடக்கும் வேலை தனியார் கூலியைத் தொந்தரவு செய்யலாகாது என்ற வாதம் நேற்றுத் தோன்றியதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பாழாக்கிய தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலைகளில் ஜனங்கள் அளவுமீறித் திரண்டுவிட்டார்கள் என்று கருதிய இந்திய சர்க்கார், செலவைச் சுருக்க ஸர் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பியது. அவர் 1877 தொடக்கத்தில் வகுத்த கூலி, நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் அற்பச் சில்லறையும். அதைத் தின்று மண் சுமக்க மனித உடல் தாங்காது என்று சென்னைச் சுகாதார கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் அக்கூலியை உயர்த்த நேர்ந்தது. அதற்குள் மாண்டவர்கள் மாண்டார்கள். பின்னர் 1880-ல் அறிக்கை வெளியிட்ட பஞ்சக் கமிஷனும், அதையொட்டி எழுந்த பஞ்ச விதிகளும், நிவாரணக் கூலி உயிரைக் காக்கப் போதுமானதாயிருக்க வேண்டுமேயன்றி ஜனங்களை இழுப்பதாயிருக்கக் கூடாதென்ற தத்துவத்தையே கொண்டன. அத்தத்துவத்தை முதன்முதல் உடைத்தெறிந்தது மஹாராஷ்டிரம். 1972-ல் கடும் வறட்சி தாக்கியபோது வி. எஸ். பாகே வகுத்த வேலை உறுதித் திட்டத்தை விரிவாய் நடத்தி, 1977-ல் அதைச் சட்டமாகவே ஆக்கிற்று. பஞ்சத்தில் கொடுக்கும் தர்மம் என்பது போய், கேட்டால் கிடைக்க வேண்டிய உரிமை என்றாயிற்று. 2005-ன் சட்டம் அதன் குழந்தை.

இனி, இவ்வுரிமை கூலிச் சந்தையில் செய்ததென்ன? இது விஷயத்தில் ஊகத்தைத் தள்ளிவிட்டுப் பொருளாதார சாஸ்திரிகளின் ஆராய்ச்சியைப் பார்க்கலாம். சட்டம் தேசமெங்கும் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. 2006 பிப்ரவரியில் 200 ஜில்லாக்களிலும், 2007-ல் மேலும் சிலவற்றிலும், 2008 ஏப்ரலில் எஞ்சியவற்றிலும் வந்தது. நமது பக்கத்து விழுப்புரமும் கடலூரும் முதல் தவணை. பெரம்பலூர் கடைசித் தவணை. இந்த முன்பின்னையே தராசாகக் கொண்டு, இம்பெர்ட், பாப் என்னும் இரு அறிஞர்கள் ஜில்லாக்களை ஒப்பிட்டு 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சட்டம் முன்னதாக வந்த ஜில்லாக்களில், மழையற்ற மாதங்களில், தனியாரிடம் செய்யும் நாள்வேலைக்குக் கூலி நூற்றுக்கு 4.7 வீதம் உயர்ந்திருந்தது. வேலை நன்கு நடைபெற்ற தமிழ்நாடு முதலிய மாகாணங்களில்தான் இப்பயன் திரண்டு தோன்றியது. பெயரளவில் நடந்த இடங்களில் இல்லை. ஏரி வேலைக்கே போகாத கூலிக்காரனும் இதனால் பயனடைந்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கூலி கொடுக்கும் வசதி படைத்தோர் கையிலிருந்து சிறிது குறைந்தது என்றும் அவர்கள் ஒளியாமல் எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பு எங்கிருந்து கிளம்புகிறதென்பது இதனால் விளங்கவில்லையா?

இதைவிடத் துலக்கமான சான்று ஆந்திரத்தில் கிடைத்தது. அங்கே கைரேகை அட்டை மூலம் கூலியை ஒழுங்காய்க் கொடுக்கும் ஏற்பாட்டை, எந்த மண்டலத்தில் முதலில், எதில் பின்னர் என்று சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானித்து, 157 மண்டலங்களில் சோதித்தார்கள். முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் ஆகிய மூவர் 2023-ல் வெளியிட்ட முடிவு, ஏழைக் குடும்பங்களின் சம்பாத்தியம் நூற்றுக்கு 14 உயர்ந்தது என்பது. இது பெரிய ஆச்சரியமன்று. அவ்வுயர்வில் நூற்றுக்கு 86 பங்கு சர்க்கார் கூலியாய் வந்ததன்று, வெளிவேலையில் வந்தது என்பதே ஆச்சரியம். அது மட்டுமோ? கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்று கலாசாலைப் பாடப் புத்தகம் சொல்ல, அங்கே வெளிவேலையும் கூடியது. நிலம் சிலர் கையில் குவிந்திருந்த கிராமங்களில்தான் அது அதிகமாய்க் கூடியது.

இதன் காரணம் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விற்பவர் பலர், வாங்குபவர் ஒருவர் என்றால் விலையை வாங்குபவரே வைப்பார். சரக்குக்கு உள்ள இந்நியாயம் உழைப்புக்கும் உண்டென்பதை 1933-ல் ஜோன் ராபின்ஸன் என்னும் கேம்பிரிட்ஜ் அம்மையார் விரித்துரைத்தார். முதலாளிகள் கூலியை ஏறவிடாமல் தமக்குள் மௌன உடன்பாடு வைத்திருப்பதை ஆடம் ஸ்மித்தே 1776-ல் எழுதியிருக்கிறார். அவரைத் தடையற்ற வியாபாரத்துக்கு ரிஷியாகக் கொண்டாடுவோர் அப்பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை!

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நூற்றாண்டுச் சாட்சியமே இருக்கிறது. சென்னைச் சர்வகலாசாலையின் முதற்பொருளாதார ஆசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த கிராமங்களில் ஒன்று, இன்று விழுப்புரம் ஜில்லாவிலுள்ள இருவேல்பட்டு. அங்கே நிலத்தின் பெரும்பகுதி ஒரு குடும்பத்தினிடம். கலியாணத்துக்குக் கடன் வாங்கி, அக்கடனால் தலைமுறையாய்க் கட்டுண்ட படியாட்கள் அவர்கள் வயலில். அதே கிராமத்தை 1936-37-லும், 1961-லும், 1981-லும், 2008-லும் திரும்பத் திரும்ப ஆராய்ந்திருக்கிறார்கள். உலகத்தில் இவ்வளவு நீண்ட நாள் கண்காணிக்கப்பட்ட கிராமங்கள் சிலவே. கடைசி ஆராய்ச்சியின்போது பெரிய குடும்பத்தின் பிடி தளர்ந்துவிட்டது. அதற்குக் கருணை காரணமன்று. உழைப்பவனுக்குப் போக வேறிடம் ஏற்பட்டது.

வேறிடம் என்பது வேப்பந்தட்டையிலும் பலவாறு ஏற்பட்டிருக்கிறது. ஆடவருக்குத் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், அரபு தேசங்கள். 2023 நவம்பரில் அத்தாலுகாவிலேயே எறையூரில் காலணித் தொழிற்சாலை திறக்கப்பெற்று இளம் பெண்களையும் அழைக்கிறது. பருத்திக் காலம் வந்ததென்று அந்தத் தொழிற்சாலையை 60 நாள் மூடிவைக்க எச்சட்டமும் சொல்லவில்லை. சிங்கப்பூர்க் கப்பலையோ விமானத்தையோ நிறுத்தவும் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டியவள், விதவை, எழுத்தறியாதவள், குழந்தையையும் கிழவியையும் விட்டு ஊரைத் தாண்ட முடியாதவள், இவர்களுக்கு இருந்த ஒரே வேறிடம் ஏரி வேலை. தமிழ்நாட்டில் பழைய சட்டத்தின் கீழ் நடந்த வேலைநாட்களில் நூற்றுக்கு 80-க்கு மேல் பெண்களுடையவை. அந்த வாசலை மட்டுந்தான் இவ்விதி சாத்துகிறது.

விவசாயியின் முறையீட்டை நாம் அலட்சியம் செய்வதாய் யாரும் எண்ண வேண்டாம். வேப்பந்தட்டைப் பருத்திக்காரர்கள் பெரும் மிராசுதார்கள் அல்லர். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்க்காரர்கள். 2018-ல் படைப்புழு விழுந்து மக்காச்சோளத்தை அழித்தபோது அவர்கள் பட்ட பாடு ஜில்லா அறியும். ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கூலி கட்டவில்லை என்று அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் கணக்கைச் சரியாய்ப் போட வேண்டும். பழைய சட்டத்தின் கீழும் தேசம் முழுவதற்குமான சராசரி, குடும்பத்துக்கு வருஷம் 50 நாளையொட்டியே இருந்தது. எஞ்சிய முந்நூறு நாளும் ஆள் எங்கே போயிற்று? தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் விதித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். வேலையை அளந்து கொடுப்பதால் கைக்கு வந்தது அதிலும் குறைந்ததுண்டு. இந்தத் தொகையோடு போட்டியிட முடியாதபடி ஒரு விவசாயி இருக்கிறாரென்றால், அவருடைய நோய் கூலியில் இல்லை, பஞ்சின் விலையில் இருக்கிறது. நிர்ணய விலைக்குப் பஞ்சை வாங்கும் நிலையம் காலத்தில் திறப்பதும், வெங்காயம் விலை விழுந்தபோது வைத்துக் காக்கக் கிடங்கு கட்டுவதும் சர்க்காரின் பொறுப்பு. அதைச் செய்யாமல், ஏழை விவசாயிக்கு அதனினும் ஏழையான கூலிக்காரியின் கூலியிலிருந்து மானியம் கொடுப்பது என்ன நீதி?

சட்டப் புத்தகங்களோடு பழகியவர்கள் இன்னொன்றையும் கவனிப்பார்கள். பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய சர்க்கார் ஏற்றது. புதியதில் செலவு 60-க்கு 40 என்று பங்கிடப்பட்டு, ஒவ்வொரு மாகாணத்துக்கும் இவ்வளவுதான் என்ற வரம்பும் டில்லியிலேயே விதிக்கப்படும். மிஞ்சினால் மாகாணத்தின் தலையில். வரம்பு கட்டிய உறுதியை உறுதி என்று அழைப்பதற்கு நமது கோர்ட்டுகள் எவ்வாறு பொருள் சொல்லுமோ அறியோம். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள் மாதக் கணக்கில் நிலுவைக்குக் காத்துக் கிடந்ததும், வங்காளத்தில் 2022 மார்ச்சிலிருந்து பணமே நிறுத்தப்பட்டதும் நினைவிலிருப்பவர்களுக்கு, 125 என்ற எண்ணைக் கண்டு மயக்கம் உண்டாகாது.

டில்லிச் சட்டத்தை மாற்றும் சக்தி சென்னை சர்க்காருக்கு இல்லை. 60 நாளைக் குறிக்கும் அதிகாரமோ அதன் கையில் இருக்கிறது. அதை மாகாணம் முழுவதற்கும் ஒரே சீராய்க் குறிக்க வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. ஜில்லாவுக்கு ஜில்லா, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறாகக் குறிக்கச் சட்டமே இடங்கொடுக்கிறது. தஞ்சாவூர் நெல்லுக்குக் குறிக்கும் நாளை வேப்பந்தட்டைப் பருத்திக்குக் குறிப்பது மூடத்தனம். பருத்தி எடுக்கும் தை, மாசியைத் தவிர்த்து, மழை கொட்டி ஏரியில் மண் வெட்டவே முடியாத ஐப்பசி, கார்த்திகை நாட்களில் அதைத் தள்ளிவிட்டால் விதியும் நிறைவேறும், கூலிக்காரியின் பேரமும் பிழைக்கும். இது ஜில்லாக் காரியாலயத்தில் குமாஸ்தாக்கள் எழுதி முடிக்கும் காரியமாகிவிடக் கூடாது. கிராம சபைகள் வருஷத்தில் பல முறை கூடுகின்றன. பெரம்பலூர், அரியலூர்ப் பிரதேசத்துத் தொண்டர்கள் அடுத்த சபைக்கு முன் ஊர் ஊராய்ச் சென்று, எந்த மாதத்தில் எந்த வேலைக்கு என்ன கூலி நடக்கிறதென்று பெண்களிடமே கேட்டு எழுதி, அந்தக் கணக்கோடு தீர்மானத்தையும் சபையில் பதிவு செய்து கலெக்டருக்கு அனுப்பட்டும்.