துருப்பிடித்த தோசைக்கல்லைத் தூக்கிப் போடாதீர்கள்

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு டிசம்பர் கடைசி வாரத்தில் சிங்கப்பூர் திரும்பியிருந்தோம். ஐந்து வாரம் பூட்டிக் கிடந்த வீடு. பிள்ளைகளுக்குப் பசி. கீழே கடையில் மாவுப் பாக்கெட் வாங்கி வரச் சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து தோசைக்கல்லை எடுத்தேன். விரலெல்லாம் செம்மண் நிறமானது. கல்லின் நடுவே நாலைந்து திட்டு, விளிம்பு முழுக்கச் சொரசொரப்பு.

கல்யாணமான புதிதில் மாமியார் தந்த கல் அது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல சமைச்சா உடம்புக்கு ஆகாதும்மா, தூக்கிப் போட்டுட்டு நான்ஸ்டிக் வாங்கிக்க" என்றார். அக்கறையோடு சொன்ன வார்த்தைதான். லிட்டில் இந்தியாவில் பாத்திரக் கடைப் பக்கம் நின்றால் இதே பேச்சை அடிக்கடி கேட்கலாம். இரும்புக் கல் வாங்கிய பாதிப் பேர் ஒரே வருடத்தில் அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிக் கைவிட வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த ஊர்க் காற்று

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் இரும்பின் மேல் படிந்து துரு வேகம் பிடிக்கும். சிங்கப்பூரில் விடியலுக்குச் சற்று முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் போகிறது. மழையில்லாத நாளின் நடுப்பகலில்தான் 60 அளவுக்கு இறங்குகிறது. அதாவது இரும்பு ஓய்வாக இருக்கக்கூடிய நேரம் இந்த ஊரில் அநேகமாக இல்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பரில் கேட்கவே வேண்டாம். நாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதும் அப்போதுதான்.

இன்னொரு காரணம் உப்பு. தோசை மாவில் போட்ட உப்பு கல்லில் மிச்சமிருந்தால் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு துருவை விரைவுபடுத்தும். கடலோர வீடுகளில் காற்றே கொஞ்சம் உப்பைக் கொண்டுவரும்.

எவர்சில்வருக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை? அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கிறது. அது காற்றோடு சேர்ந்து தனக்குத் தானே ஒரு காப்புப் படலம் போட்டுக்கொள்கிறது. சீனர் வீட்டுக் குவாலி (வாணலி) பெரும்பாலும் கார்பன் ஸ்டீல். ஏறத்தாழ 99 விழுக்காடு இரும்பு, 1 விழுக்காடு கார்பன். நம் தகட்டுத் தோசைக்கல்லும் அதே குடும்பம். கனமான வார்ப்பிரும்பில் கார்பன் 2 விழுக்காட்டுக்கு மேல். இவை எவற்றுக்கும் தானாக உருவாகும் காப்பு கிடையாது. அதை நாம்தான் எண்ணெயாலும் சூட்டாலும் போட்டுத் தர வேண்டும். கல்லைப் பழக்குவது என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

துரு விஷமா?

இல்லை. துரு என்பது நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. தவறிப்போய்த் தோசையோடு துளி உள்ளே போனால் உடம்பு அதைப் பெரும்பாலும் உறிஞ்சாமல் வெளியேற்றிவிடும். துருவென்றால் டெட்டனஸ் என்ற பயமும் பலருக்கு உண்டு. அந்த நோயைத் தருவது மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு பாக்டீரியா. அழுக்கு ஆணி ஆழமாகக் குத்தினால் அது உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. சாப்பாட்டுத் துருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அதற்காகத் துருவோடு சமைக்கலாம் என்று சொல்லவில்லை. ருசி கெடும், நாக்கில் உலோக வாடை நிற்கும். துரு அரித்த குழிகளில் பழைய மாவும் எண்ணெயும் தங்கிக் காறும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: கல் ஒட்ட ஆரம்பித்ததும் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகிறது. அரை ஸ்பூனில் வரவேண்டிய தோசைக்கு இரண்டு ஸ்பூன். சமையல் எண்ணெய்க்கும் நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு 2027 நடுவில் வரும் என்று சுகாதார அமைச்சு அறிவித்திருக்கிறது. பாட்டிலில் எந்தக் குறியீடு இருந்தாலும், எத்தனை ஸ்பூன் ஊற்ற வேண்டும் என்று முடிவு செய்வது கல்தான்.

நான்ஸ்டிக் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மிதமான சூட்டில் அது ஆபத்தானதல்ல. ஆனால் அதன் பூச்சு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெரிய தீயில் விட்டால் சில நிமிடங்களில் அந்தச் சூடு வந்துவிடும். கடுமையாகச் சூடேறிய பூச்சின் புகையால் மனிதருக்குக் காய்ச்சல்போல வருவதுண்டு. கூண்டுப் பறவைகள் செத்தே போகும். தோசைக்குக் கல் நன்றாகக் காய வேண்டும். அதனால் தோசைக்கு நான் இரும்பைத்தான் சொல்வேன்.

கல்லிலிருந்து உடம்புக்கு எவ்வளவு இரும்பு?

இங்கே மிகைப்படுத்திப் பேசுபவர்கள் அதிகம். தெரிந்ததை மட்டும் பார்ப்போம். 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 20 வகை உணவுகளை இரும்புச் சட்டியில் சமைத்துப் பார்த்தார்கள். ஸ்பகெட்டிக்கு ஊற்றும் தக்காளிச் சாறில் 100 கிராமுக்கு 0.6 மில்லிகிராமாக இருந்த இரும்பு 5.8 ஆக உயர்ந்தது. புளிப்பும் ஈரமும் அதிகமாக, சமைக்கும் நேரம் நீண்டதாக இருந்தால் இரும்பு கூடுதலாக இறங்கும் என்று தெரிந்தது. 1999இல் லான்செட் இதழில் வந்த எத்தியோப்பிய ஆய்வில், இரும்புப் பானையில் சமைத்த வீட்டுக் குழந்தைகளின் ஹீமோகுளோபின், அலுமினியப் பானை வீட்டுக் குழந்தைகளைவிட அதிகம் கூடியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தபடி பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்பு தேவை. தானியமும் பருப்பும் மிகுந்த நம் சாப்பாட்டிலிருந்து உடம்பு கொஞ்சமே உறிஞ்சுவதால் அளவு இவ்வளவு பெரிதாக இருக்கிறது.

ஆனால் தோசை கல்லில் கிடப்பது ஓரிரு நிமிடம். நன்றாகப் பழகிய கல்லின் எண்ணெய்ப் படலம் இரும்பை வெளியே விடுவதும் குறைவு. ஆகவே இரும்புக் கல்லில் தோசை வார்த்தால் ரத்தசோகை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரும்புச் சட்டியில் வதக்கிய தக்காளித் தொக்கு கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். ரத்தசோகைக்கு மருத்துவர் தந்த மாத்திரையைச் சட்டியை நம்பி நிறுத்தக் கூடாது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத் தள்ளிப்போட்டாலே, தட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டாலே, உள்ளே போன இரும்பு கூடுதலாகச் சேரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தாலசீமியாவுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள், உடம்பில் இரும்பு தேங்கும் பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள், இரும்புச் சட்டியில் புளிப்புச் சமையல் செய்யும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

புதுக் கல்லைப் பழக்குவது

கடையிலிருந்து வரும் கல்லில் துரு வராமலிருக்க எண்ணெயோ மெழுகோ பூசியிருப்பார்கள். அது சாப்பிடுவதற்கானதல்ல. வெந்நீரும் சோப்பும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய வைக்க வேண்டும். ஊர்ப்பக்கம் வடித்த கஞ்சியை மூன்று நாள் ஊற்றி வைப்பார்கள், புளியைத் தேய்ப்பார்கள். புளித்த கஞ்சியும் புளியும் மென்மையான அமிலங்கள். மேலே உள்ள துருவையும் அழுக்கையும் இளக்கிவிடும். இந்த ஈரக்காற்றில் நாள்கணக்காக ஊற வைப்பதை நான் விட்டுவிட்டேன். புளித் தேய்ப்பு பத்து நிமிடம், உடனே கழுவல், உடனே அடுப்பு.

பிறகு எண்ணெய். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். நிறைய ஊற்றினால் நன்றாகப் பழகும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கிட்டத்தட்ட வார்னிஷ் போல ஒரு கெட்டிப் படலமாகின்றன. எண்ணெய் மெல்லியதாக இருந்தால்தான் இது முழுதாக நடக்கும். தடித்தால் பாதி கெட்டியாகி, பாதி பிசுபிசுத்து, தூசியையும் காறலையும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே அரை ஸ்பூன் எண்ணெயைப் பூசி, பூசவே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குத் துணியால் துடைத்து எடுங்கள். கல்லை மெல்லப் புகை வரும்வரை காய வையுங்கள். ஆற விடுங்கள். இதை நாலைந்து முறை செய்தால் சாம்பல் நிறம் பழுப்பாகிக் கறுக்கத் தொடங்கும்.

எந்த எண்ணெய்? இந்தக் கோப்பு வேலையைச் செய்வது நிறைவுறாக் கொழுப்பு. நல்லெண்ணெயில் அது 80 விழுக்காட்டுக்கு மேல். சூரியகாந்தி எண்ணெயும் நன்றாக வரும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு, அதனால் படலம் சரியாகப் பிடிக்காது. நெய்யும் அப்படியே. பாட்டி நல்லெண்ணெயில் அரை வெங்காயத்தைத் தொட்டுக் கல்லைத் துடைத்ததில் கணக்கு இருந்திருக்கிறது: எண்ணெயைச் சூடான கல்லில் இத்தனை மெல்லியதாகப் பரப்ப வெங்காயத்தைவிட நல்ல தூரிகை கிடையாது.

பழக்கும்போது எழும் புகையை அலட்சியப்படுத்தாதீர்கள். அதிகச் சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஒருநாள் வேலைதான் என்றாலும் சன்னலைத் திறந்து, புகைபோக்கியை முழு வேகத்தில் ஓடவிட்டு, குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் அறைக்குள் அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். 2018 ஜூனிலிருந்து புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்ளாவிட்டால் அது அலறும்.

தினமும் இரண்டு நிமிடம்

தேக்கா உணவங்காடியில் பரோட்டா போடுபவரின் கல் துருப்பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நாள் முழுக்க அது ஆறுவதில்லை, எண்ணெயும் காய்வதில்லை. வீட்டுக் கல் நாளின் 23 மணி நேரம் சும்மா கிடக்கிறது. அந்த நேரத்துக்கு அது உலர்ந்திருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

சோப்புப் போடக் கூடாது என்ற பயம் காரம் மிகுந்த பழைய சோப்புக் காலத்தது. இன்றைய பாத்திரம் கழுவும் திரவம் துளி விட்டு மென்மையான பஞ்சால் கழுவினால் கெட்டியான படலம் போகாது. கல்லைத் தொட்டியில் ஊறப் போடுவதுதான் தவறு, வடிகூடையில் நிமிர்த்தி வைத்துத் தானாகக் காயட்டும் என்று விடுவதும் தவறு. துடைத்து, அடுப்பில் இரண்டு நிமிடம் காட்டி, சூட்டோடு ஒரு துளி எண்ணெய் தடவித் துடைத்து வைத்தால் போதும். கழுவுதொட்டிக்கு அடியில் இருக்கும் அலமாரி வேண்டாம். அங்கே எப்போதும் ஈரம்.

புளிக்குழம்பையும் ரசத்தையும் இரும்பில் கொதிக்க விடாதீர்கள், செய்த சமையலை அதிலேயே வைக்கவும் வேண்டாம். அமிலம் படலத்தைக் கரைத்துவிடும். வாழைக்காய், கத்தரிக்காய் கறுத்துப் போவது அவற்றின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால். கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாயிருக்காது.

என் கல்லுக்கு என்ன ஆயிற்று

கல்லுப்பும் நல்லெண்ணெயும் போட்டுத் தேய்த்ததில் மேல் துரு போனது. விளிம்புக்குக் கம்பி நார் தேவைப்பட்டது. பழைய படலமும் கூடவே போய்விட்டது, போகட்டும். கழுவி, காய வைத்து, அன்று மாலையே நாலு முறை எண்ணெய் பழக்கினேன். முதல் மூன்று தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. பிள்ளைகள் அதையும் தின்றார்கள். ஒரு வாரத்தில் ஓரம் தானாகத் தூக்க ஆரம்பித்தது.

இப்போது நவம்பரில் கிளம்பும் முன் கல்லை நன்றாகக் காய வைத்து, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு காற்றுப் புகாத பையில் கட்டி, படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.