இருட்டில் இருந்த அம்மாவும் ஓடிக்கொண்டிருந்த பிறீசரும்

2022 டிசம்பர் மாதம். மாலை வேலைக்குப் போவதற்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து தொலைபேசி வந்தது. அம்மா நடையில் வழுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

அப்பா இறந்தபின் அம்மா இஸ்ஹொய்யில் தனியே இருக்கிறார். விழுந்தது மாலை ஐந்து மணிக்கு. டிசம்பரில் அந்த நேரம் இங்கே முழு இருட்டு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மருத்துவமனையில் இருந்து திரும்பியபோது நான் கேட்டேன், "ஏனம்மா லைற் போடேல்லை?"

"கரண்ட் விலை ஏறிப்போச்செண்டு எல்லாரும் சொல்லுகினம். லைற் என்னத்துக்குப் பிள்ளை, எனக்கு வீடு கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்."

நான் தாதியாக வேலை செய்கிறேன். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிற முதியவர்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். அவர்களில் சிலர் பழையபடி நடப்பதேயில்லை. அம்மாவுக்கு மணிக்கட்டோடு போனது. ஆனால் என் அம்மா காசுக்குப் பயந்து இருட்டில் நடந்திருக்கிறார், எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது. அதுதான் என்னைச் சுட்டது.

அந்த வருடம் எல்லோருக்கும் பயம் இருந்தது. பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபின் எரிவாயு விலை ஏறியது. அதோடு மின்சார விலையும் ஏறியது. அரச கட்டடங்களின் வெப்பத்தை 19 பாகைக்குக் குறைத்தார்கள். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போதும் இதே கதைதான்.

அம்மாவின் கை குணமாகும்வரை அவர் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் சுவர்ப் பிளக்கில் செருகும் ஒரு சின்ன மின்மானி வாங்கிக்கொண்டு போனேன். எந்தப் பொருள் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அது காட்டும். நடையில் இருந்தது 8 வாற் எல்.ஈ.டி. மின்குமிழ். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் எரிந்தால், மாதம் முழுவதற்கும் ஒன்றரை அலகுகூட வராது. அலகு ஒன்று ஐந்து குரோனர் என்று கூட்டியே வைத்தாலும் மாதம் ஏழு குரோனர் சொச்சம்.

பிறகு ஸ்டோர் அறையில் இருந்த பழைய பிறீசருக்கு மின்மானியைப் போட்டேன். நான் பள்ளிக்குப் போன காலத்தில் அப்பா வாங்கியது. கதவின் ரப்பர் வெடித்து, உள்ளே கைமொத்தத்துக்கு ஐஸ். அதற்குள் பாதிக்கு மட்டும் மீனும் முருங்கைக்காயும் தேங்காய்ப்பூவும். அது நாளுக்கு இரண்டு அலகு தின்றது. மாதம் 60 அலகு. அதே கணக்கில் 300 குரோனர். அம்மா ஏழு குரோனரை மிச்சம்பிடிக்க விழுந்திருக்கிறார். அந்த நேரம் முழுவதும் பக்கத்து அறையில் 300 குரோனர் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990இல் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமல் போனது. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் அம்மா எனக்கு அனா ஆவன்னா சொல்லித் தந்தார். மாமா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்பார். சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகை மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. 1994இல் நாங்கள் டென்மார்க் வந்தபோது எனக்கு ஆறு வயது. கரண்ட் என்றால் விளக்கு, மிச்சம்பிடிப்பதென்றால் விளக்கை அணைப்பது என்பதுதான் அம்மா அங்கே கற்ற பாடம். பிறீசர் அந்தப் பாடத்தில் இல்லை.

நாம் வந்து சேர்ந்த நாட்டுக்கும் இப்படி ஒரு இருட்டுக் காலம் இருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியின்போது டென்மார்க்கின் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வந்த எண்ணெய். அந்த நவம்பர் 25 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். அந்தப் பயத்துக்குப் பிறகுதான் 1979இல் வெப்ப விநியோகச் சட்டம் வந்தது. இன்று கோப்பன்ஹேகனில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் சூடு நிலத்தடிக் குழாய் வழியாக வருகிறது. 1991இல் வின்டெபியில் 11 காற்றாலைகளோடு உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை அமைத்தார்கள். அமாகர் கடற்கரையில் நின்றால் வளைவாகத் தெரியும் மிடெல்கிறுண்டனின் 20 காற்றாலைகள் 2000ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவற்றில் பாதி சாதாரண மக்கள் பங்கு போட்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். இன்று இந்த நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலும் வெயிலிலும் இருந்து வருகிறது.

அம்மா வீட்டில் தொடங்கிய கணக்கு எங்கள் வீட்டுக்கும் வந்தது. இரண்டு வருடத்தில் நாங்கள் மாற்றியவற்றையும், மாற்றாமல் விட்டவற்றையும், பிழைத்துப்போனவற்றையும் சொல்கிறேன்.

முதலில் பிறீசர். அம்மாவுக்குச் சின்னதாக ஒன்று வாங்கினோம். அது நாளுக்கு அரை அலகு எடுக்கிறது. விலை இறங்கிய பிறகும், போட்ட காசு இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிடும். வாங்கும்போது எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். 2021 மார்ச் முதல் ஐரோப்பாவில் ஏ முதல் ஜி வரை புதிய அளவுகோல் வந்துவிட்டது. பழைய மூன்று பிளஸ் போட்ட ஏ இன்று சி ஆகவோ டி ஆகவோ இருக்கலாம். லேபிளில் வருடத்துக்கு எத்தனை கிலோவாற் மணி என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது அடுப்பு. அமாகரில் எங்கள் பழைய வீட்டில் நகர எரிவாயு அடுப்புத்தான் இருந்தது. மகனுக்கு ஆஸ்துமா. எரிவாயுச் சுவாலையில் இருந்து வரும் நைதரசன் டையொக்சைட் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் சுவாசக் குழாயை உறுத்தும் என்று படித்திருந்தும், என் சமையலறையைப் பற்றி நான் யோசித்ததில்லை. இண்டக்‌ஷன் அடுப்புப் போட்டோம். அதனால்தான் மகனின் இருமல் குறைந்தது என்று சொல்லமாட்டேன். மருந்தையும் ஒழுங்காகக் கொடுத்தோம். வீட்டுக் காற்றில் ஒரு உறுத்தல் குறைந்தது என்று மட்டும் சொல்வேன்.

ஆனால் அடுப்பு வந்த அன்று அம்மாவுக்குக் கோபம். இண்டக்‌ஷனுக்குக் காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும். பிறிஜ்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தோம். இரும்புத் தோசைக்கல் தேறியது. அலுமினியப் புட்டுப்பானை தேறவில்லை. ஊரில் இருந்து கொண்டுவந்த மண்சட்டியும் தேறவில்லை. புட்டுக்கு எவர்சில்வர் பானை தேடிப்பிடித்தோம். மண்சட்டி மீன்குழம்புக்குக் கோடையில் தோட்டத்துக் கரியடுப்பு என்று அம்மாவே தீர்ப்புச் சொன்னார். வீட்டில் யாருக்காவது இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருந்தால், அது இயங்கும் இண்டக்‌ஷன் அடுப்பில் இருந்து 60 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கவேண்டும். வாங்கமுன் உங்கள் இதயப் பிரிவில் ஒருதரம் கேளுங்கள்.

மூன்றாவது, மாற்றாமல் விட்டது. எங்கள் உடுப்புத் தோய்க்கும் மெசின் பழையது, ஆனால் நன்றாக ஓடுகிறது. அது எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. 60 பாகையை 30 ஆக்கினோம். செலவில்லாத மாற்றம் அது. வாந்தி, வயிற்றோட்டம் வந்த வீட்டில் மட்டும் படுக்கை விரிப்பையும் துவாயையும் 60இல் போடுங்கள். உலர்த்தும் மெசின் பழுதானபோது வெப்பப் பம்பு உள்ளதை வாங்கினோம். அது முன்னையதில் ஏறக்குறைய பாதிதான் எடுக்கிறது.

நேரமும் முக்கியம். இங்கே மின் கம்பிக் கட்டணம் மாலை 5 முதல் 9 வரை மிகக் கூட, அதுவும் குளிர்காலத்தில். நள்ளிரவு முதல் காலை 6 வரை மலிவு. அதற்காக எல்லாரும் படுத்தபின் உலர்த்தும் மெசினைப் போட்டு வைக்காதீர்கள். தீப்பிடித்தால் தெரியாது. ஆள் விழித்திருக்கும்போதே ஓடவேண்டும் என்று தீயணைப்புத் துறையும் சொல்கிறது. நாங்கள் சனி, ஞாயிறு பகலில் போடுகிறோம். காற்றும் வெயிலும் உள்ள பகலில் விலை நன்றாக இறங்கும்.

கடைசியில் கார். 2024இல் டென்மார்க்கில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் மின்சாரக் கார். நாங்கள் பாவித்த ஒன்றைத்தான் வாங்கினோம், அதற்கும் கடன். கோடையில் 100 கிலோமீற்றருக்கு 16 அலகு போதும். வீட்டுத் தொகுதியின் சார்ஜரில் போட்டால் பழைய டீசல் செலவில் ஏறக்குறைய பாதி. பெருந்தெரு விரைவு சார்ஜரில் போட்டாலோ மிச்சம் ஒன்றும் இல்லை.

பிழைத்தது அடுத்த பெப்ரவரியில். ஹெர்னிங்கில் ஒரு செத்தவீடு. கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். உறைபனி நாளில் கார் 22 அலகு எடுக்கும் என்று நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. பாலம் கடந்து ஃபுயின் தீவில் சார்ஜ் பண்ண நின்றால் முன்னால் நான்கு கார். அம்மா பின் சீற்றில் கம்பளத்துக்குள் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இறந்தவர் அம்மாவோடு ஒன்றாகப் படித்தவர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை முடிந்து பெட்டியை வெளியே எடுத்துவிட்டார்கள். அந்தக் கவலை எனக்கு இன்றும் உண்டு. இப்போது குளிர்காலத் தூரப் பயணத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முந்திக் கிளம்புகிறோம். பிந்தவே கூடாத பயணமென்றால் ரயில்.

தம்பி தங்கைகளே, இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. உங்களுக்கு டேனிஷ் தெரியும், பில் வாசிக்கத் தெரியும், மணிக்கணக்கு விலை காட்டும் செயலியும் கைத்தொலைபேசியில் இருக்கும். உங்கள் அம்மம்மா, அப்பம்மாவுக்கு இவை ஒன்றும் இல்லை. அவர்களிடம் இருப்பது பயம். உக்கிராணத்துவம் என்று ஆலயத்தில் நாம் பேசுவது காணிக்கையோடு நிற்கவேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை போய் அவர்களுடைய பிறிஜ்ஜையும் பிறீசரையும் அளந்து பாருங்கள். கணக்கை எழுதிக் காட்டுங்கள். நடையில் ஆள் அசைவுக்குத் தானாக எரியும் விளக்கு ஒன்று மாட்டிவிடுங்கள். வீட்டில் போதுமான சூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்மா வீட்டு நடையில் இப்போது அப்படி ஒரு விளக்கு இருக்கிறது. மற்ற அறைகளில் நாங்கள் எழும்பிப் போனதும் அம்மா பின்னால் வந்து சுவிச்சை அணைக்கிறார். அதை நான் தடுப்பதில்லை. நடை விளக்கை மட்டும் தொடக்கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

மின்மானி என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிறு தேநீர் வேளையில் கேளுங்கள், தருகிறேன். இரண்டு வாரத்தில் திருப்பித் தந்தால் அடுத்தவருக்கு உதவும்.